வங்கியின் ஐடி வேலை வெளியே போகும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளை மேலாளர், கூட்டுறவு வங்கி இயக்குநர், சொந்தமாகத் தொழில் நடத்துகிறவர், சாதாரண வாடிக்கையாளர் என்று யாரிடம் பேசினாலும் இந்த விஷயத்தில் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கின்றன. அவரவர் கேட்ட விதத்திலேயே கேள்விகளை இங்கே வைத்திருக்கிறேன். விதிகள் என்று வரும் இடங்களில் இந்திய விதிகளைத்தான் சொல்கிறேன். பிரிட்டன், சிங்கப்பூர், ஆஸ்திரேலியா என்று வருபவை அங்கே நடந்த சம்பவங்கள்.

1. அவுட்சோர்சிங்னா சரியா என்ன? ஏடிஎம்ல பணம் நிரப்புற வண்டியும் அதுல சேருமா?

வங்கி தானே செய்யக்கூடிய ஒரு வேலையை, தொடர்ந்து செய்து தரும்படி வெளி நிறுவனத்திடம் ஒப்படைத்தால் அது அவுட்சோர்சிங். ஒரு நாள் வந்து கேபிள் போட்டுவிட்டுப் போகிறவர் இதில் வரமாட்டார். ஒப்பந்தம் ஆறு மாதத்துக்குத்தான் என்றாலும், அந்த ஆறு மாதமும் வேலை அவர் கையில் இருந்தால் வருவார்.

பணம் நிரப்பும் வண்டியும் வெளியே கொடுத்த வேலைதான், ஆனால் அதற்குத் தனி விதிகள். ஐடி சேவைகளுக்கென்று ரிசர்வ் வங்கி 2023 ஏப்ரல் 10 அன்று ஒரு முதன்மை ஆணை வெளியிட்டது. அதே ஆண்டு அக்டோபர் 1 அன்று அது அமலுக்கு வந்தது. டேட்டா சென்டர், நெட்வொர்க், பாதுகாப்புக் கண்காணிப்பு, சாஃப்ட்வேர் எழுதுவதும் பராமரிப்பதும், கிளவுட் (இணையம் வழியாக வாடகைக்கு எடுக்கும் கணினி வசதி), ஏடிஎம் சுவிட்ச் எல்லாம் அதற்குள் வரும். நீங்கள் கார்டைச் செருகியதும் 'இவர் கணக்கில் பணம் இருக்கிறதா' என்று சரியான வங்கியிடம் கேட்டுப் பதில் வாங்கித் தரும் கணினி அமைப்புதான் சுவிட்ச். பல வங்கிகளில் அது வங்கியின் கட்டடத்தில் இருப்பதே இல்லை.

2. அப்போ சாஃப்ட்வேர் லைசென்ஸ் வாங்கினாலே அவுட்சோர்சிங் கணக்குல வந்துடுமா?

வராது. ஆன்டிவைரஸ், ஈமெயில் போன்ற கடைச்சரக்கு மென்பொருள், கணினி வாங்குவது, தயாரித்த கம்பெனியே செய்து தரும் பராமரிப்பு, மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்பும் சேவை, ஸ்விஃப்ட் போன்ற பொதுத் தளங்கள் ஆகியவற்றை இந்த ஆணையே விலக்கி வைத்திருக்கிறது.

குழப்பம் வருவது கோர் பேங்கிங்கில், அதாவது எல்லாக் கிளைகளின் கணக்குகளையும் ஒரே இடத்தில் நடத்தும் மென்பொருளில். ஃபினாக்கிளோ பேங்க்ஸோ ஃபிளெக்ஸ்கியூபோ லைசென்ஸ் எடுத்து, தன் டேட்டா சென்டரில் தன் ஆட்களை வைத்து ஓட்டினால் அது வாங்கிய பொருள். அதே மென்பொருளை அந்தக் கம்பெனியின் ஆட்கள் அவர்களுடைய இடத்தில் வைத்து உங்களுக்காக ஓட்டினால் அது அவுட்சோர்சிங். பொருளின் பெயரைப் பார்க்காதீர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அது நின்றால் யார் எழுந்து சரிசெய்கிறார் என்று பாருங்கள்.

3. வங்கிகிட்ட இல்லாத பணமா? சொந்தமா ஆள் வச்சுப் பண்ண வேண்டியதுதானே?

பணம் இருக்கிறது, ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். வங்கித் தேர்வு எழுதி வரும் அதிகாரிக்கு மூன்று ஆண்டில் இடமாற்றம். டேட்டாபேஸ் கற்றுக்கொண்டு தேறும் நேரத்தில் அவர் ஏதோ ஒரு ஊரில் கடன் பிரிவில் உட்கார்ந்திருப்பார். வெளியே அதே திறமைக்குச் சம்பளம் அதிகம். யுபிஐ வந்த பிறகு ஞாயிறும் பண்டிகையும் இல்லாமல் 24 மணி நேரமும் ஆள் வேண்டும்.

இது வங்கிகளின் கதை மட்டுமில்லை. 1989-ல் ஈஸ்ட்மன் கோடாக் தன் கணினி மையங்களை ஐபிஎம்மிடம் கொடுத்தபோதுதான், பெரிய நிறுவனங்களும் இப்படிச் செய்யலாம் என்ற துணிச்சல் மற்றவர்களுக்கு வந்தது. இந்தியாவில் 2004-ல் பார்தி ஏர்டெல் தன் ஐடி வேலையைப் பத்து ஆண்டுகளுக்கு ஐபிஎம்மிடம் ஒப்படைத்தது. சந்தாதாரர்கள் கிடுகிடுவென ஏறிக்கொண்டிருந்த காலம் அது. அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்து ஆள் சேர்ப்பதைவிட, வேலையைக் கொடுத்துவிடுவது எளிதாக இருந்தது.

4. சரி, செலவாவது குறையுதா?

சின்ன வங்கிக்கு நிச்சயம் குறையும். முப்பது கிளை உள்ள ஒரு கூட்டுறவு வங்கி சொந்தமாக டேட்டா சென்டர் கட்டுவது நடக்கிற காரியம் இல்லை. பத்து வங்கிகள் ஒரே அமைப்பைப் பகிர்ந்துகொண்டு, கிளைக்கு இவ்வளவு என்று மாதக் கட்டணம் கட்டினால்தான் கட்டுப்படியாகும்.

பெரிய வங்கிக்கு அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. வெண்டர், அதாவது வேலையை எடுத்துச் செய்யும் வெளி நிறுவனம், அனுப்பும் பில்லில் 18 சதவீதம் ஜிஎஸ்டி இருக்கும். வங்கிகளுக்கு, உள்ளீட்டு வரியில் பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளும் வழி ஒன்று சட்டத்தில் இருக்கிறது. கணக்கு சுலபம் என்பதால் பலரும் அதில்தான் போகிறார்கள். அதாவது 100 ரூபாய் பில்லுக்குக் கட்டும் 18 ரூபாயில் 9 ரூபாய் திரும்பாது. சொந்த ஊழியர் சம்பளத்துக்கு இந்தச் செலவே இல்லை. இதற்கு மேல், ஒப்பந்தத்தில் இல்லாத ஒவ்வொரு சின்ன மாற்றத்துக்கும் 'சேஞ்ச் ரிக்வெஸ்ட்' என்று தனி பில் வரும். டெண்டரில் அடிமாட்டு விலைக்கு எடுத்தவர் லாபம் பார்ப்பது பெரும்பாலும் இங்கேதான். குறைந்த விலை என்ற ஒன்றை மட்டும் பார்த்து ஐடி வேலையைக் கொடுப்பதில் எனக்கு ஒருபோதும் உடன்பாடு இல்லை.

5. என் அக்கவுண்ட் விவரத்தை அந்தக் கம்பெனிப் பையன் பார்க்க முடியுமா?

சிலரால் முடியும். டேட்டாபேஸை நிர்வகிப்பவருக்கு அது தெரியாமல் வேலை நடக்காது. யார் யாருக்கு எவ்வளவு தெரிய வேண்டும், பார்த்தது பதிவாகிறதா, அந்தப் பதிவை வங்கியில் யாராவது படிக்கிறார்களா என்பதுதான் விஷயம். மூன்றாவது பெரும்பாலும் நடப்பதில்லை. சோதனைக்காக உண்மையான வாடிக்கையாளர் தகவலை அப்படியே நகல் எடுத்துக் கொடுப்பது இன்னொரு ஓட்டை. பெயர், கணக்கு எண், கைப்பேசி எண் மூன்றையும் மறைத்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

2005-ல் புனேயில் ஒரு கால் சென்டரில் வேலை பார்த்தவர்கள், அமெரிக்காவில் இருந்த சிட்டிபேங்க் வாடிக்கையாளர்களிடம் பேசியே ரகசிய எண்களை வாங்கி, சுமார் 3.5 லட்சம் டாலரை மாற்றினார்கள். கணினியை யாரும் உடைக்கவில்லை. 'வங்கியிலிருந்து பேசுகிறேன்' என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு இருந்தது, அது போதுமானதாக இருந்தது. அதனால் ஓடிபியையும் பின் நம்பரையும் உண்மையான வங்கி ஊழியர் கேட்டாலும் சொல்லாதீர்கள்.

6. நம்ம டேட்டா எல்லாம் வெளிநாட்டு சர்வர்ல இருக்குன்னு சொல்றாங்களே?

பணப் பரிவர்த்தனைத் தகவல் என்றால் இருக்கக் கூடாது. 2018 ஏப்ரல் 6 அன்று ரிசர்வ் வங்கி, பணப் பட்டுவாடாத் தகவல் முழுவதும் இந்தியாவில் மட்டுமே சேமிக்கப்பட வேண்டும் என்று சொல்லி ஆறு மாத அவகாசம் கொடுத்தது. வெளிநாட்டில் கணக்கிட்டுச் செயல்படுத்தலாம். ஆனால் ஒரு வேலை நாள் அல்லது 24 மணி நேரம், இதில் எது முந்தியோ அதற்குள் அங்கே அழித்துவிட்டு இங்கே கொண்டுவர வேண்டும்.

சும்மா மிரட்டல் என்று நினைத்தவர்களுக்கு 2021-ல் பதில் கிடைத்தது. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ், டைனர்ஸ் கிளப், மாஸ்டர்கார்டு மூன்றுக்கும் இந்த விதிக்காகவே இந்தியாவில் புது வாடிக்கையாளர் சேர்க்கத் தடை விழுந்தது. மாஸ்டர்கார்டு அதிலிருந்து வெளியே வர 2022 ஜூன் ஆனது.

7. வெண்டர் தப்பு பண்ணா யார் மாட்டுவாங்க? வங்கியா, வெண்டரா?

வாடிக்கையாளருக்கும் ரிசர்வ் வங்கிக்கும் முன்னால் வங்கிதான். வெண்டரின் துணை ஒப்பந்தக்காரர் செய்த தவறும் வங்கியின் தலையில்தான் விழும். வங்கி பிறகு வெண்டரிடம் நஷ்டஈடு கேட்கலாம், அது அவர்கள் இருவருக்கும் இடையிலான விவகாரம். 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இதே பாதையில்தான் போகிறது: தகவலைச் சேகரித்த நிறுவனம், தன் சார்பில் அதைக் கையாள்பவர் செய்ததற்கும் பொறுப்பு. பாதுகாப்பில் கோட்டை விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம்.

பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி இதற்குச் சரியான பாடம். 2018 ஏப்ரலில், லாயிட்ஸ் வங்கியின் கணினி அமைப்பிலிருந்து தன் ஸ்பானிஷ் தாய் வங்கியான சபடெல் உருவாக்கிய அமைப்புக்கு எல்லாக் கணக்குகளையும் ஒரே வார இறுதியில் மாற்றியது. லட்சக்கணக்கானோர் தங்கள் கணக்குக்குள் நுழைய முடியாமல் தவித்தார்கள். மாற்றத்தைச் செய்தது குழுமத்தின் ஐடி நிறுவனமான சாபிஸ். ஆனால் 2022 டிசம்பரில் 4.865 கோடி பவுண்டு அபராதம் கட்டியது டிஎஸ்பி. 2023-ல் அதன் தலைமைத் தகவல் அதிகாரிக்கும் தனியாக 81,620 பவுண்டு அபராதம். 'தயார்' என்று சாபிஸ் சொன்னதை முறையாகச் சரிபார்க்கவில்லை என்பது அவர்மேல் இருந்த குற்றச்சாட்டு. இந்தத் தனிநபர் அபராதத்தைச் சொன்ன பிறகுதான் பல இயக்குநர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

8. என் பணம் போயிடுச்சு. கேட்டா 'அது வெண்டர் சிஸ்டம் பிரச்சனை சார்'ங்கிறாங்க. நான் என்ன பண்றது?

முதலில் மூன்று வேலை நாளுக்குள் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து, புகார் எண் வாங்குங்கள். மோசடி என்று தெரிந்தால் இணையக் குற்ற உதவி எண்ணான 1930-க்கும் உடனே போன் செய்யுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, குறை உங்களிடமும் இல்லை, வங்கியிடமும் இல்லை, நடுவில் எங்கோ இருக்கிறது என்றால், மூன்று வேலை நாளுக்குள் சொன்னவருக்கு நஷ்டம் எதுவும் கிடையாது. நான்கிலிருந்து ஏழு நாள் என்றால் ஓர் உச்ச வரம்பு வரை உங்கள் தலையில். சாதாரண சேமிப்புக் கணக்குக்கு அது 10,000 ரூபாய். வங்கியின் குறையாகவே இருந்தால் நாள் கணக்கே இல்லை. புகார் வந்த பத்து வேலை நாளில் தற்காலிகமாகப் பணத்தை வரவு வைக்க வேண்டும். தவறு உங்களுடையது என்று நிரூபிக்கும் சுமையும் வங்கிக்குத்தான்.

'வெண்டர் பிரச்சனை' என்று அவர்கள் சொன்னதை மின்னஞ்சலிலோ கடிதத்திலோ வாங்கிவிடுங்கள். ஏழாவது பதிலில் சொன்னபடி வெண்டர் என்பவர் வங்கியின் கைதான். ஆகவே அது 'நடுவில் எங்கோ' இருக்கும் குறை இல்லை, வங்கியின் குறை என்று நீங்கள் வாதிடலாம். என் பார்வையில் அது நிற்கும் வாதம். முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அவர்களுடைய தொடர்பு எண் 14448.

9. எங்க ஊர்க் கூட்டுறவு வங்கி யார்கிட்டயோ கொடுத்திருக்கு. அந்தக் கம்பெனி படுத்துட்டா நாங்களும் படுத்துடுவோமா?

படுத்ததைப் பார்த்தாகிவிட்டது. ஸ்டேட் வங்கியும் டிசிஎஸ்ஸும் சேர்ந்து நடத்தும் சி-எட்ஜ் டெக்னாலஜீஸ், கூட்டுறவு வங்கிகளுக்கும் கிராம வங்கிகளுக்கும் சேவை தரும் நிறுவனம். அங்கே ரான்சம்வேர் (தகவலைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும்) தாக்குதல் நடந்திருக்கலாம் என்று தெரிந்ததும், 2024 ஜூலை 31 அன்று, யுபிஐயை நடத்தும் தேசியப் பட்டுவாடாக் கழகம் தன் வலைப்பின்னலிலிருந்து அதைத் துண்டித்தது. மற்றவர்களுக்குப் பரவாமல் இருக்கச் செய்த நல்ல முடிவுதான். ஆனால் சுமார் 300 சின்ன வங்கிகளின் வாடிக்கையாளர்களுக்கு யுபிஐயும் ஏடிஎம்மும் நின்றன. மறுநாள் சரியானது.

பத்து வங்கிகள் ஒரே அமைப்பைப் பகிர்ந்தால் செலவு குறையும் என்று நான்காவது பதிலில் சொன்னேனே, அதற்கான விலை இது. அதற்கு முன் 2016-லும் இப்படி நடந்தது. ஹிட்டாச்சி பேமென்ட் சர்வீசஸின் சுவிட்சில் நுழைந்த தீநிரலால் பல வங்கிகளைச் சேர்ந்த சுமார் 32 லட்சம் டெபிட் கார்டுகள் ஆபத்துக்குள்ளாகின. அந்த ஏடிஎம்களில் ஒருமுறை பயன்படுத்திய மற்ற வங்கிக் கார்டுகளும் அதில் சிக்கின. உங்கள் வங்கி எவ்வளவு கவனமாக இருந்தாலும் பக்கத்து வங்கியின் வெண்டர் உங்களைத் தொட முடியும்.

10. நாங்க ஒரு கம்பெனிக்குத்தான் கொடுத்தோம். உள்ள வந்து வேலை பார்க்கிறது வேற கம்பெனி ஆளா இருக்காரே, பரவாயில்லையா?

உங்களிடம் முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் வாங்கியிருந்தால் பரவாயில்லை. வாங்காவிட்டால் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். முக்கிய வேலைகளில் துணை ஒப்பந்தம் போட வங்கியின் சம்மதம் வேண்டும் என்ற பிரிவு அதில் இல்லாவிட்டால், அந்த ஒப்பந்தமே அரைகுறை.

டிஎஸ்பி விஷயத்தில் சாபிஸின் கீழே 85 நிறுவனங்கள் இருந்தன. வங்கி கையெழுத்துப் போட்டது ஒருவரோடு, தங்கியிருந்தது 85 பேரை. வெண்டரிடம் ஆண்டுக்கு ஒரு முறையாவது 'உங்கள் கீழே யார் யார், எந்த ஊரில், எதற்கு அணுகல் வைத்திருக்கிறார்கள்' என்று பட்டியல் கேளுங்கள். முதல் தடவை கேட்கும்போது கிடைக்கும் பட்டியல் பெரும்பாலும் முழுசாக இருக்காது. இரண்டாவது தடவை கேளுங்கள்.

11. ஒப்பந்தத்துல 99.9 சதவீதம் ஓடும்னு போட்டிருக்கு. அப்புறம் ஏன் வாரத்துக்கு ஒரு தடவை நிக்குது?

கணக்கைப் பார்ப்போம். 30 நாளுக்கு 43,200 நிமிடம். 99.9 என்றால் மாதத்தில் 43 நிமிடம் நிற்கலாம். 99.5 என்றால் 3 மணி 36 நிமிடம். வாரம் ஒரு தடவை பத்து நிமிடம் நின்றால் வாடிக்கையாளர் திட்டுவார், வெண்டரோ எஸ்எல்ஏ (ஒப்பந்தத்தில் ஒத்துக்கொண்ட சேவை அளவு) அறிக்கையில் பச்சை நிறம் காட்டுவார். இருவர் சொல்வதும் உண்மைதான்.

எங்கிருந்து அளக்கிறார்கள் என்பது இதைவிடப் பெரிய விஷயம். சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்தால் எப்போதும் உயிரோடுதான் இருக்கும். அது சோம்பேறியாகப் பதில் சொல்லி, பாதி யுபிஐ பரிவர்த்தனைகள் நேரம் கடந்து தோற்றுப்போனாலும் அந்தக் கணக்கில் நின்றதாக வராது. பரிவர்த்தனை வெற்றி விகிதத்தை அளக்கச் சொல்லி எழுத வேண்டும். மாதச் சராசரியும் ஏமாற்றும். சம்பளம் வரும் முதல் தேதி காலை பத்து மணிக்கு அரை மணி நேரம் நிற்பதும், ஞாயிறு அதிகாலை நிற்பதும் அதில் ஒன்றாகிவிடும். உச்ச நேரத்துக்குத் தனி அளவு வையுங்கள். 'திட்டமிட்ட பராமரிப்பு' என்ற பெயரில் எவ்வளவு நேரம் கழிக்கப்படுகிறது என்றும் பாருங்கள். அதற்கு வரம்பு இல்லாத ஒப்பந்தத்தில் 99.9-க்கு அர்த்தமே கிடையாது.

அப்புறம் பெனால்டி. பொதுவாக மாதக் கட்டணத்தில் ஒரு சின்ன சதவீதத்தோடு அது முடிந்துவிடும். அரை நாள் வங்கி நின்ற நஷ்டத்துக்கு அது ஒரு மூலைக்கும் காணாது. சில வெண்டர்கள் பெனால்டியையும் சேர்த்தே விலை சொல்கிறார்கள் என்பது என் சந்தேகம். பெனால்டி பிரிவுக்காக மூன்று மாதம் வாதாடுகிற நேரத்தில், வெண்டர் அனுப்பும் பதிவுக் கோப்பைத் திறந்து படிக்கத் தெரிந்த இரண்டு பேரை வங்கிக்குள் வைத்துக்கொண்டால் பலன் அதிகம். அந்த இருவர் இல்லாத வங்கியில் 'ஏன் நின்றது' என்ற கேள்விக்கு வெண்டர் சொல்வதுதான் பதில்.

12. மாற்று டேட்டா சென்டர் இருக்கே, ஒண்ணு போனா இன்னொண்ணு ஓடாதா?

ஓட வேண்டும். 2023 அக்டோபர் 14 அன்று சிங்கப்பூரில் ஈக்வினிக்ஸ் டேட்டா சென்டரில் குளிரூட்டும் அமைப்பு பழுதாகி, டிபிஎஸ், சிட்டிபேங்க் இரண்டும் விழுந்தன. இரண்டிடமும் மாற்று மையம் இருந்தது, இரண்டும் உடனே அதற்கு மாற முயன்றன. டிபிஎஸ்ஸுக்கு நெட்வொர்க் அமைப்பில் கோளாறு, சிட்டிக்கு இணைப்பில் சிக்கல். சுமார் 25 லட்சம் பட்டுவாடா, ஏடிஎம் பரிவர்த்தனைகள் நடக்காமல் போயின. அங்கே பழுதைக் கிளப்பியது, மேம்படுத்தும் வேலைக்கு வந்த ஓர் ஒப்பந்தக்காரரின் தவறு. வங்கியின் வெண்டருடைய ஒப்பந்தக்காரர், அதாவது பத்தாவது கேள்வியில் வந்த அதே ஆள்.

முக்கிய அமைப்புகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது மாற்று மையத்துக்கு மாறிப் பார்க்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்கிறது. ஞாயிறு மதியம் இரண்டு மணி நேரம் மாறிவிட்டுத் திரும்புவதை ஒத்திகை என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். ஒரு முழு வேலை நாள் மாற்று மையத்திலிருந்து வங்கி நடந்தால்தான் குறைகள் வெளியே வரும்.

13. கிளவுடுக்குப் போயிட்டா பேக்கப் கவலை இல்லன்னு விற்பனைக்கு வந்தவர் சொன்னாரே?

ஆஸ்திரேலியாவில் யூனிசூப்பர் என்று ஓர் ஓய்வூதிய நிதி. ஆறு லட்சத்துக்கும் மேல் உறுப்பினர்கள். 2024 மே மாதம் கூகுள் கிளவுடில் நடந்த ஓர் அமைப்புத் தவறால் அதன் தனிக் கிளவுட் முழுவதும் அழிந்தது. இரண்டு இடங்களில் பிரதி இருந்தது, இரண்டும் ஒரே சந்தாவில் இருந்ததால் சேர்ந்தே போயின. காப்பாற்றியதில் முக்கியப் பங்கு, வேறொரு நிறுவனத்திடம் வைத்திருந்த பேக்கப்புக்கு. விற்பனைக்கு வந்தவரிடம் இந்தக் கதையைச் சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பாருங்கள்.

14. வெளிநாட்டு வங்கியோட சென்னை ஆபீஸ்ல வேலை பார்க்கிறேன். அது சொந்தக் கம்பெனிதானே, இதுவும் அவுட்சோர்சிங்கா?

ஆமாம். ஸ்டாண்டர்டு சார்ட்டர்டு 2001-ல் ஸ்கோப் இன்டர்நேஷனல் என்ற பெயரில் சென்னையில் தொடங்கியது போன்ற மையங்கள் குழுமத்துக்குள் இருந்தாலும், வேலையைக் கொடுக்கும் வங்கியும் செய்யும் நிறுவனமும் சட்டப்படி வேறு வேறு. ரிசர்வ் வங்கியின் ஆணையும் குழும நிறுவனத்துக்குக் கொடுத்த வேலையை விலக்கவில்லை. வெளியாளிடம் காட்டும் அதே தூரத்தைக் காட்டச் சொல்கிறது. சாபிஸும் குழும நிறுவனம்தான் என்பதை நினைவில் வையுங்கள். சொந்தக்காரரிடம் கறாராகக் கேள்வி கேட்க யாருக்கும் வாய் வராது.

15. கம்ப்யூட்டரே எல்லாம் பண்ணுது. கடன் கொடுக்கிற முடிவையும் வெளியே கொடுத்துடலாமா?

கூடாது. உள் தணிக்கை, விதிகளைக் கடைப்பிடிக்கிறோமா என்று பார்க்கும் பிரிவு, கேஒய்சி சரிதானா என்ற முடிவு, கடன் ஒப்புதல், முதலீட்டு நிர்வாகம் ஆகியவற்றை வெளியே தரக் கூடாது என்று 2006-லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. ஆவணங்களைத் திரட்டித் தருவதையும் மதிப்பெண் கணக்கிடும் கருவியையும் வெளியிலிருந்து வாங்கலாம். 'சரி, கொடு' என்று சொல்வது வங்கியாக இருக்க வேண்டும்.

16. ரிசர்வ் வங்கி உண்மையிலேயே கடுமையா நடந்துக்குமா, இல்ல கடிதம் போட்டுட்டு விட்டுடுமா?

2020 நவம்பரில் முதன்மை டேட்டா சென்டரில் மின்தடையால் எச்டிஎஃப்சி வங்கியின் சேவைகள் நின்றன. அதற்கு முன்பும் இரண்டு ஆண்டுகளாகத் தடங்கல்கள். டிசம்பரில் புது டிஜிட்டல் திட்டங்களுக்கும் புது கிரெடிட் கார்டுகளுக்கும் தடை. முழுக்க நீங்க 2022 மார்ச் ஆனது. கோட்டக் மகிந்திராவுக்கு 2024 ஏப்ரல் 24 முதல், ஆன்லைனில் புது வாடிக்கையாளர் சேர்க்கவும் புது கிரெடிட் கார்டு கொடுக்கவும் தடை. அந்த ஆணையில் பட்டியலிட்ட குறைகளில் வெண்டர் தொடர்பான ஆபத்தைச் சரியாகக் கையாளாததும் ஒன்று. 2025 பிப்ரவரியில்தான் விலக்கினார்கள். புது கிரெடிட் கார்டு கொடுப்பதைப் பத்து மாதம் நிறுத்தி வைப்பதோடு ஒப்பிட்டால் அபராதத் தொகை எல்லாம் சில்லறை.

17. நாங்க வங்கி இல்ல. நாற்பது பேர் வேலை பார்க்கிற கம்பெனி. எங்களுக்கு இதெல்லாம் எதுக்கு?

ரிசர்வ் வங்கி ஆணை உங்களுக்கு இல்லை. ஆனால் இரண்டு விஷயம் உங்களையும் பிடிக்கும். ஒன்று, ஏழாவது பதிலில் சொன்ன தரவுப் பாதுகாப்புச் சட்டம். இன்னொன்று, மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு. இணையத் தாக்குதல் நடந்தது தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் அவர்களுக்குச் சொல்ல வேண்டும், கணினிப் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். பெரிய நிறுவனம், சின்ன நிறுவனம் என்ற பாகுபாடு இல்லை. வெண்டர் மூன்றாவது நாள் சாவகாசமாக 'ஒரு சின்னப் பிரச்சனை சார்' என்று போன் செய்தால் நீங்கள் ஏற்கனவே விதியை மீறியாகிவிட்டது. அதனால் உடனே தெரிவிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே மணிக்கணக்கு போட்டு எழுதுங்கள்.

18. வெண்டரை மாத்தணும். 'பாஸ்வேர்டெல்லாம் என்கிட்டதான் இருக்கு, பாக்கியைக் கொடுங்க, பார்க்கலாம்'ங்கிறார். இப்போ என்ன செய்ய?

இப்போது என்றால், முதலில் சண்டை போடாதீர்கள். பாக்கி எவ்வளவு என்று எழுத்தில் வாங்கி, தகராறு இல்லாத தொகையைக் கட்டி, மீதிக்கு நோட்டீஸ் அனுப்புங்கள். அதே நேரத்தில் டொமைன் பெயர் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது, கிளவுட் கணக்கின் உரிமையாளர் மின்னஞ்சல் யாருடையது என்று பாருங்கள். உங்கள் பெயரிலும் உங்கள் கார்டிலும் இருந்தால் சேவை நிறுவனத்திடம் நேரடியாகப் போய் மீட்கலாம். அவர் பெயரில் இருந்தால் அவரோடு பேசித்தான் ஆக வேண்டும். பெரும்பாலான சின்ன நிறுவனங்கள் மாட்டுவது இங்கேதான்.

அடுத்த ஒப்பந்தத்துக்கு: நிர்வாகி பாஸ்வேர்டு ஒன்று எப்போதும் உங்களிடம். விலகும்போது தகவலை எந்த வடிவத்தில், எத்தனை நாளில், என்ன கட்டணத்தில் தருவார் என்று இப்போதே எழுத்தில். வேறு மென்பொருளில் ஏற்ற முடியாத கோப்பாகக் கொடுத்துவிட்டு 'கொடுத்தாச்சு' என்பார்கள், அதனால் ஆண்டுக்கு ஒரு முறை வாங்கித் திறந்து பாருங்கள். உங்களுக்காகவே எழுதிய மென்பொருள் என்றால் மூல நிரலை வாங்குங்கள், முடியாவிட்டால் மூன்றாம் நபரிடம் எஸ்க்ரோவில், அதாவது தேவைப்படும்போது உங்களுக்குக் கொடுக்கும் நிபந்தனையோடு, வைக்கச் சொல்லுங்கள். பழைய வெண்டரும் புதியவரும் சேர்ந்து ஓட்டும் மாதங்களுக்கான சம்பளத்தையும் பட்ஜெட்டில் போடுங்கள். டெண்டர் விலை ஒப்பீட்டில் இந்தச் செலவைச் சேர்த்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. வெண்டரும் அதைத் தெரிந்துவைத்திருக்கிறார், ஐந்தாம் ஆண்டு புதுப்பிக்கும்போது அவர் கூட்டிக் கேட்பது ஏறக்குறைய அந்தத் தொகையைத்தான்.